இடது பக்கத்து பிரேக்

டயர் கடைக்காரர் என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். கேள்வி கேட்டது நான். கார் என்னுடையது. அந்த டயரில் ஓட்டப்போவதும் நான்தான். ஆனால் பதில் மட்டும் என் தலைக்கு மேலே தாண்டிப் போய், வாசலில் பைக் மேல் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த அவரிடம் இறங்கியது.

“அண்ணாச்சி, நம்ம ஊரு ரோட்டுக்கு இது தாராளம். வீட்டுல என்னமோ தேதியெல்லாம் கேக்காக.”

வீட்டுல என்றால் நான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம் செய்தது என்று சொல்லும். குனிந்து உட்கார்ந்து நான்கு டயரிலும் தேடிப் பார்த்தேன். இரண்டு புதுசு. மற்ற இரண்டும் பல வருஷம் கடையில் கிடந்தவை. கறுப்புப் பாலிஷைத் தடவி அவற்றையும் புதுசோடு சேர்த்து அடுக்கி வைத்திருந்தார்.

“தங்கச்சி, ரப்பர் என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?” என்றார் கடைக்காரர். என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

“திரியத்தான் செய்யும் அண்ணாச்சி. பழசாக ஆக இறுகிப் போவும். நாப்பதுல போறவுகளுக்குத் தெரியாது. நூறுல வளைவு வரும்போது தெரியும். இந்த ரெண்டையும் உள்ள எடுத்து வைங்க. வேற ரெண்டு வரட்டும். வந்த பெறவு மாட்டிக்கிடுதேன்.”

அவர் என் கணவரைப் பார்த்து, “ரொம்ப விவரம்தான்” என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்வதற்குக்கூட அவருக்கு மனசு வரவில்லை.

சங்கரன்கோவிலில் எங்களுக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. போர்டில் அவர் பெயர். பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நான். ஸ்கூல் காரில் இடது பக்கமும் ஒரு பிரேக் மிதி இருக்கும். படிக்கிறவர் தடுமாறினால், பக்கத்தில் இருக்கிறவர் அமுக்கி வண்டியை நிறுத்துவதற்காக. டேஷ்போர்டுக்கு அடியில் குறுக்கே ஒரு கம்பி ஓடும். இடது மிதியை அமுக்கினால் வலது மிதியும் கூடவே இறங்கும். ஊரில் பாதிப் பேர் அந்தக் கம்பியை நம்பித்தான் லைசன்ஸ் வாங்கியிருக்கிறார்கள்.

நானும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அவர்தான் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். பஸ் ஸ்டாண்ட் தாண்டி, ரயில்வே கேட் பக்கம் போகும்போது பிரேக்கில் கால் வைக்கப் போவேன். மிதி ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கும். என் கால் போய்ச் சேருவதற்குள் அவர் கால் வேலையை முடித்துவிடும். ஒரு நாள்கூட, ஒரு தடவைகூட, என்னை முழுசாகப் பிரேக் பிடிக்க விட்டதில்லை. லைசன்ஸ் வந்தது. இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். நான் அமுக்கினால் வண்டி எங்கே நிற்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் நானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அப்போதும் இடது சீட்டுதான், அப்போதும் அடுத்தவர் ஓட்டும் வண்டிதான். வெளியூர் போகும்போது நான் ஓட்டினால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மிதியே இல்லாத காரிலும் தரையைப் போட்டு அமுக்குவார். அவர் குதிகால் படும் இடத்தில் மேட் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எரிச்சலில் சொல்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு ரேஸ் தடம் இருக்கிறதாம். சில ஞாயிறுகளில் சாதாரணக் கார்களையும் உள்ளே விடுவார்களாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நம்மால் முடிந்த வேகத்தில் சுற்றலாம். அதற்கு முன்னால் வண்டியைப் பரிசோதிப்பார்கள். பிரேக்கோ டயரோ தேறாவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அங்கே எதிரே லாரி வராது. ஆடு வராது. மினி பஸ் குறுக்கே ஒடிக்காது. எங்கே அமுக்கினால் எங்கே நிற்கிறது என்று என் கால் தானாகக் கண்டுபிடிக்கலாம். இடது பக்கம் யார் காலும் இருக்காது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ஸ்கூலுக்குப் புதுக் கார் வந்ததும் பழசை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே கார்தான். முதல் வேலையாக இடது மிதியைக் கழற்றி, கம்பியோடு சேர்த்து ஒரு சாக்கில் சுருட்டி ஷெட் மூலையில் போட்டேன். ரேஸ் தடம் என்று சொன்னதும் அவர் சாப்பாட்டிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்.

“ஏட்டி, புள்ள காலேஜுக்குப் போற வயசுல ஒனக்கு என்னத்துக்கு இந்த ஓட்டம்?”

“புள்ள காலேஜுக்குப் போனா எனக்கு காலு இல்லாமப் போயிருமா?”

“சரி, சரி. செய்யி” என்றார். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார். அத்தோடு மறந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

நான் மறக்கவில்லை. பிரேக் ஆயிலைத்தான் முதலில் பார்த்தேன். டப்பா மூடியைத் திறந்தால் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இது வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகலாம். தடத்தில் வளைவுக்கு வளைவு ஓங்கிப் பிடிக்கப் பிடிக்கச் சூடு ஏறி, ஆயில் கொதித்துக் குமிழ் விட்டதென்றால், மிதி பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போய்விடும். வண்டி நிற்காது. இங்கே ஸ்பேர்ஸ் கடையில் கேட்டதற்கு மூடி திறந்த பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். “கொஞ்சந்தான் எடுத்திருக்கு, நல்ல சாமான்” என்றார்கள். திறந்து வைத்த பாட்டில் எனக்கு எதற்கு? திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய், சீல் உடைக்காத பாட்டிலும், முன் சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கப் புது பிரேக் பேடும், கையில் வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒரு காற்றுமானியும் வாங்கி வந்தேன். டயர் சூடானால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். தடத்திலேயே அளந்து பார்த்து இறக்க வேண்டும்.

பழைய ஆயிலை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பிரேக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். திறந்திருக்கும்போது மேலே இருப்பவர் காலை எடுத்தால் உள்ளே காற்று புகுந்துவிடும். ஷெட்டுக்குப் பின்னால் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அமுக்குங்க.”

“அமுக்கிட்டேன்.”

“நான் சொல்லுத வரைக்கும் விடாதீய.”

திறந்தேன். விட்டுவிட்டார். நிப்பிளில் மாட்டியிருந்த குழாயில் குமிழ் ஏறிப் போவதைக் கண்ணால் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் விட்டார்.

“ஏட்டி, கால் வலிக்கு.”

“அடுத்தவுக பிரேக்க அமுக்கும்போது வலிக்காத காலு இப்ப மட்டும் வலிக்கோ?”

அதற்குப் பிறகு நான் சொன்னபடி அமுக்கினார், சொன்னபடி பிடித்தார். நான்கு சக்கரத்திலும் தெளிந்த ஆயில் வந்தது. பேடை மாற்றினேன். டயர் கடையில் சொல்லிவைத்த இரண்டு நல்ல டயரும் வந்து சேர்ந்திருந்தன. நான்கையும் மாட்டி, நட்டையெல்லாம் என் கையாலேயே முறுக்கினேன். நிமிர்ந்தபோது இடுப்பு செத்துப் போயிருந்தது. ஆனால் மிதியை அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி நின்றது. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கும் சேர்த்துக் காப்பி போட்டேன்.

வியாழக்கிழமை அவரே வந்து, “வண்டி அழுக்கா கெடக்கு. நான் வாட்டர் வாஷ் விட்டுட்டு வாரேன்” என்றார். நான் கேட்கவே இல்லை. திரும்பி வரும்போது கார் பளபளவென்று இருந்தது. டேஷ்போர்டில் கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். என் மனசு இளகிப் போய்விட்டது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை பேடைப் பழக்க வேண்டும். புது பேடு உடனே முழுசாகப் பிடிக்காது. எண்பதில் போய், ஓங்கிப் பிடித்து, இருபதுக்குக் கொண்டு வந்து, நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுக்க வேண்டும். அப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகும். பிடித்தால் ஓங்கிப் பிடிக்க வேண்டும், விட்டால் முழுசாக விட வேண்டும். பட்டும் படாமலும் உரசிக்கொண்டே போனால் பேடு கருகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு பேடு வாங்கிப் பழக்க எனக்கு நேரம் கிடையாது. இது அவருக்குத் தெரியும். நானே உட்கார வைத்துச் சொல்லியிருந்தேன்.

“நானும் வாரேன். ஒத்தையில போவ வேண்டாம்” என்று எனக்கு முன்னாலேயே போய் இடது சீட்டில் உட்கார்ந்துவிட்டார். காலடியில் ஒரு பெரிய கட்டைப்பை. கடைக்குப் போகச் சொன்னால்கூடக் கட்டைப்பையைத் தொடாத மனுஷன். “பிளாஸ்க்குல காப்பி இருக்கு” என்றார்.

குருவிகுளம் ரோட்டில் போனோம். இரண்டு பக்கமும் மக்காச்சோளம், நடுவே நேராக ஓடும் ரோடு. வண்டி என்னவோ இழுக்க மாட்டேன் என்றது. புது டயர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பைக்கில் ஒருத்தர் முந்திக்கொண்டு வந்து ஜன்னலைத் தட்டுகிற மாதிரி கை காட்டினார். “எக்கா, பின்னாடி பிரேக் லைட்டு அணையவே மாட்டேங்கு.”

சுவிட்சில் கோளாறு போல என்று என் கணவர் சொன்னார். வெகு சாதாரணமாகச் சொன்னார்.

எண்பது தொட்டேன். தூரத்தில் ஒரு வேப்பமரம். அதற்கு முன்னால் இருக்கும் போர்டில் அமுக்கலாம் என்று குறி வைத்தேன். போர்டு வருவதற்குள்ளேயே வண்டி தணிந்தது. பேடு நன்றாகக் கவ்வுகிறது என்று ஒரு நொடி சந்தோஷம்கூடப் பட்டேன். மறுபடி வேகம் எடுத்தேன். இந்தத் தடவை போர்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, அமுக்காமல், காலை மட்டும் மெதுவாக மிதி மேல் கொண்டு போனேன்.

மிதி கீழே இறங்கியிருந்தது.

எனக்கு அது தெரியும். இத்தனை வருஷம் கழித்தும் என் உள்ளங்காலுக்கு அது நன்றாகத் தெரியும். ரயில்வே கேட் பக்கம் தினமும் தொட்டுப் பார்த்த அதே இறங்கிய மிதி. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஓரமாகப் போய் வண்டியை நிறுத்தினேன்.

“அந்தப் பையத் தூக்குங்க.”

“எதுக்கு? காப்பி கொட்டிரும்.”

“தூக்குங்கன்னு சொல்லுதேன்.”

தூக்கினார். சாக்கில் சுருட்டிப் போட்ட மிதி அங்கே இருந்தது. வாட்டர் வாஷ் என்று போன நேரத்தில் எங்கள் ஸ்கூல் மெக்கானிக்கை வைத்து மாட்டியிருக்கிறார். இறங்கிப் போய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினேன். கிட்டேயே போக முடியவில்லை, அவ்வளவு சூடு. அவரும் இறங்கி எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“யாரக் கேட்டு மாட்டுனீய?”

“கோவப்படாத. ஞாயித்துக்கெழம அங்கனயும் பக்கத்துல உக்காந்துக்கிடலாம்னு பாத்தேன். போன் போட்டுக் கேட்டேன். ஹெல்மெட் போட்டா விடுவாங்களாம்.”

“எனக்குத் தெரியாமக் கேட்டீய.”

“ஒனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் என்னட்டி செய்வேன்? பயமா இருந்துச்சு.”

பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் வாய் இல்லையா? சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். ஒருவேளை கையைப் பிடித்துக்கொண்டு சமாதானம்கூடச் சொல்லியிருப்பேன். பயத்தைக் கொண்டு போய்க் கம்பியாக என் பிரேக்கில் மாட்டி, அதன் மேல் கட்டைப்பையை வைத்து மறைத்தால் நான் யாரோடு பேசுவது?

“இங்க பாருங்க. கம்பிய எம்புட்டு இறுக்கமா மாட்டியிருக்கு பாத்தீயளா? நீங்க கால எடுத்தாலும் அது என் மிதிய அமுக்கிக்கிட்டேதான் இருக்கு. அதான் லைட்டு அணையல. நேத்துலேருந்து பேடு உரசிக்கிட்டே இருக்கு. இப்படியே தடத்துல எறக்கியிருந்தா நாலு சுத்துல ஆயில் கொதிச்சுப் போயிருக்கும். பெறவு எனக்கும் பிரேக் கெடையாது, ஒங்களுக்கும் கெடையாது. காப்பாத்த வந்தீயளோ காப்பாத்த?”

அவர் முகம் வெளுத்துப் போனது. “அது எனக்குத் தோணல” என்றார்.

எனக்குப் பாவமாக இல்லை. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். இடது பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு போல்ட்டைத் திருகினேன். “நான் கழத்தட்டா?” என்றார். “தொடாதீய” என்றேன். ஒரு மினி பஸ் மெதுவாகி, “என்ன அண்ணாச்சி, வண்டி நின்னு போச்சா?” என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது.

“இல்லப்பா, பிரேக் பாக்கோம்” என்றார் இவர்.

பாக்கோம் என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோமாம். எனக்கு வந்த கோபத்தில் கடைசி போல்ட் கையாலேயே கழன்று வந்தது. மிதியையும் கம்பியையும் அவர் கட்டைப்பைக்குள் போட்டேன். ஓடைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரைக் காட்டி, “அங்கன உக்காருங்க” என்றேன். மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சூடு ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு தனியாக ஓட்டினேன். எண்பது, ஓங்கிப் பிடி, இருபது, விடு. ஒவ்வொரு தடவை பாலத்தைத் தாண்டும்போதும் அவர் தலை என்னோடு கூடவே திரும்பியது. லைட் அணைந்து அணைந்து எரிந்ததை அவர்தான் பார்த்திருப்பார். பேடு கெட்டுப் போயிருக்கவில்லை. இன்னும் ஒரு நாள் அப்படி ஓடியிருந்தால் போயிருக்கும். பிரேக்கைத் தொடாமல் குருவிகுளம் வரை போய் ஆறவிட்டுத் திரும்பி வந்து, பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் முன் கதவுப் பிடியில் கை வைத்தார்.

“பின்னாடி ஏறுங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தடத்தில் வண்டியைப் பரிசோதித்தவர் முதலில் குனிந்து டயரின் தேதியைத்தான் பார்த்தார். எங்கள் ஊர் டயர் கடைக்காரரை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும் போல இருந்தது. சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், மிதியை அமுக்கிப் பார்த்தார். ஆடுகிற சாமான் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்றார். தரையில் கிடந்த மேட்டை எடுத்தேன், புற்றுமண் பொட்டலத்தை எடுத்தேன். இரண்டையும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற என் கணவர் கையில் கொடுத்தேன். “பாத்து” என்றார்.

நேர் ரோடு முடிந்து முதல் வளைவு வந்தது. வழக்கம் போல எங்கே கால் போகுமோ அங்கே போனது. மிதி மேலேயே இருந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. அமுக்கினேன். வளைவுக்கு எவ்வளவோ தூரம் முன்னாலேயே வண்டி தவழ ஆரம்பித்துவிட்டது. அடுத்த சுற்றில் இன்னும் தள்ளிப் பிடித்தேன். அப்போதும் தூரம் மிச்சம் இருந்தது. அதற்கடுத்த சுற்றில் இன்னும் தள்ளி. என் காலுக்கு இவ்வளவு தெரியும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அப்போதுதான் கோபம் முழுசாக வந்தது. ஹெல்மெட்டுக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். எனக்கு மட்டும்தான் கேட்டது. கடைசிச் சுற்று வரை பிரேக் அப்படியே நின்றது.

திரும்பும்போது அவர் கேட்காமலேயே பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். ராஜபாளையம் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி தணிந்தது. எனக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தூக்காமல் போனேன். பின்னாலிருந்து தடக்கென்று சத்தம் கேட்டது. அவர் கால், என் சீட்டுக்குப் பின்னால் தரையை அமுக்கியது.

அமுக்கட்டும். அங்கே ஒன்றும் கிடையாது.